மூட்டுப் போட்ட தண்டவாளம்

செம்பாலையில் காலையில் எழுந்ததும் முதல் வேலை சுவரில் காது வைப்பது. பல் துலக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். செவ்வாயின் நிலத்துக்கு அடியில், என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன ஒரு நீண்ட குகைக்குள் அந்தக் குடியிருப்பு இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சுவாசிக்கக் காற்று கிடையாது. எங்காவது ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் மெல்லியதாக ஒரு சீறல் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருந்தன. கருவிகளை நம்பி எல்லோரும் தூங்கினார்கள். விழித்த பிறகு காதைத்தான் நம்பினார்கள்.

அன்று காலையும் டாக்டர் சகாயராணி படுக்கையறையின் ஒரு சுவரில் காது வைத்தாள். அவள் கணவன் அமலதாஸ் எதிர்ச் சுவரில் வைத்தான்.

"இங்க ஒண்ணுமில்ல," என்றான் அவன்.

"இங்கயும் இல்ல."

அவன் திரும்பி இரண்டு அடி எடுத்துவைத்தான். கால் பெருவிரல் எதிலோ இடித்தது.

"அய்யோ! ராணி, இதை எப்பத்தான் முடிப்பே? இல்ல, என் விரல் போனப்புறம்தானா?"

'இது' என்று அவன் சொன்னது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கிடந்த ஓர் இரும்புச் சட்டத்தை. சகாயராணி வீட்டிலேயே ஒரு கணினிச் செதுக்கி செய்துகொண்டிருந்தாள். தட்டையான ஒரு மேடை; மேடைக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம்; பாலத்தில் தொங்கும் ஒரு சுழல்முனை. கணினி சொல்லும் வழியில் அந்த முனை போய்ப் பலகையையோ உலோகத்தையோ செதுக்கும். குடியிருப்பில் இந்த வேலையைச் செய்யப் பூமியிலிருந்து வந்த 'பெருந்தச்சன்' என்ற பெரிய இயந்திரன் ஒன்று இருந்தது. ஆனால் அது அவசியப் பொருள்களை மட்டுமே செய்து தரும். சகாயராணிக்கு வேண்டியிருந்தது கேரம் போர்டு. செவ்வாயில் எடை குறைவு என்பதால் காய்கள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடின. பூமியின் அளவில் செய்த பலகை போதவில்லை. பெரிய பலகை கேட்டபோது, கேரம் அவசியப் பொருளல்ல என்று பெருந்தச்சன் மரியாதையாகச் சொல்லிவிட்டது. குடியிருப்பின் ஒரே பல் மருத்துவருக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

மோட்டார்கள் கிடைத்துவிட்டன. கணினி கிடைத்துவிட்டது. வேலை நின்றுபோனது தண்டவாளத்தில். பாலம் ஓடுவதற்கு இரு பக்கமும் நேரான, வழுவழுப்பான தண்டவாளங்கள் வேண்டும். அவை கோணினால் பாலம் கோணும். பாலம் கோணினால் செதுக்குவதெல்லாம் கோணும். காயலான் கிடங்கில் கிடந்த பழைய சரக்குக் கப்பலில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, கப்பலின் தடுப்புத் திரைகளைத் தாங்கிய உருளைக் கம்பிகள். நல்ல நீளம், கண்ணாடிபோல் மினுமினுப்பு. மற்றொன்று, கருவி அலமாரிகளின் இழுப்பறைகள் ஓடிய சதுர ரெயில்கள். இரு விலாவிலும் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் குட்டிக் குட்டி எஃகுக் குண்டுகள் உருளும்படி ஒரு சின்ன வண்டியைக் கோத்திருந்தார்கள். உறுதியானவை, ஆனால் குட்டை. இரண்டு வகையையும் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்து, பல மாதங்களாக அவள் இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சு மாட்ட வேண்டியதுதானே?" என்றான் அமலதாஸ், விரலை ஊதிக்கொண்டே.

"கேரம் போர்டுதானே, யோசிச்சு செய்யலாம். என்ன அவசரம்?"

அவசரம் அன்று மத்தியானமே வந்தது.

செம்பாலையின் கோடியில் பசுங்கூடம் இருந்தது. கீரை, கிழங்கு, பாசி எல்லாம் அங்கேதான் விளைந்தன. சாப்பாடு மட்டுமல்ல, மூச்சும் அங்கிருந்துதான் வந்தது. வெளியே தோண்டிய பனிக்கட்டியை உள்ளே கொண்டுவர அதற்கு ஒரு பெரிய வெளிக்கதவு உண்டு. அன்று பனிவண்டி ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்து அந்தக் கதவின் நிலைச்சட்டத்தில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டம் நெளிந்து, கதவின் ரப்பர் வளையம் உட்காரும் முகப்பில் விரிசல் விழுந்தது. பசை அப்பிப் பார்த்தார்கள். பசை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் சீறியது.

மாலையில் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். தலைமைப் பொறியாளர் வேங்கடபதி எழுந்து நின்றார். எப்போதும் சட்டையை மடிப்புக் கலையாமல் போடுகிறவர். அன்று அதில் பசை ஒட்டியிருந்தது.

"மாத்துச் சட்டம் இருந்த ஒண்ணையும் போன வருஷமே போட்டுட்டோம்," என்றார். "துண்டு துண்டா வெச்சு பத்த வெச்சா சூட்டுல நெளியும், மறுபடி கசியும். ஒரே தகட்டுலேருந்து ஒரே சட்டமாச் செதுக்கணும். அலுமினியத் தகடு இருக்கு, கப்பலோட தளத்துலேருந்து எடுத்துக்கலாம். செதுக்கறதுக்கு…" அவர் சட்டையில் ஒட்டிய பசையைச் சுரண்டினார். "பெருந்தச்சன் வேலை செய்யாது."

கூடம் சலசலத்தது.

விஷயம் இதுதான். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டால் இரண்டு வாரம் போல எந்தச் செய்தியும் போகாது, வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான். அதற்கெல்லாம் அவர்கள் பழகியிருந்தார்கள். ஆனால் பெருந்தச்சனை விற்ற பூமி நிறுவனம் அதற்கு ஓர் உரிமம் வைத்திருந்தது. முன்பெல்லாம் அது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். போன வருடம் மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டு, நீளமான ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். வேங்கடபதி எல்லோரும் செய்வதைப் போலவே அதைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தியிருந்தார். உரிமம் அன்று காலையில் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் செய்தி சூரியனுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

"பிரிச்சு எடுக்க முடியாதா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூடியத் திறந்தா உள்ள இருக்கறதெல்லாம் தானே உருகிடும். ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. அதுகிட்ட ஒரு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தேன். 'உரிமம் காலாவதியாகிவிட்டது, உங்கள் நாள் இனிதாகட்டும்'னு திரும்பத் திரும்பச் சொல்லுது."

சேமிப்புத் தொட்டியிலிருந்த காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் பசுங்கூடம் பத்து நாள் தாங்கும். பூமி மறுபடி பேசுவதற்குள் தொட்டி காலியாகிவிடும். உள்கதவை மூடிப் பசுங்கூடத்தைக் கைவிடலாம். அப்படிச் செய்தால் பயிர்கள் விறைத்துச் சாகும். அடுத்த கப்பல் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தின்னவும் சுவாசிக்கவும் எதுவும் இருக்காது.

சகாயராணி எழுந்தாள். "என்கிட்ட ஒரு செதுக்கி இருக்கு. பாதிதான் முடிஞ்சிருக்கு."

"டாக்டரம்மாவோட கேரம் போர்டு மெஷினா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. அந்த நிலைமையிலும் சிலர் சிரித்துவிட்டார்கள்.

வேங்கடபதி சிரிக்கவில்லை. "எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க படுக்கையறையில."

"அப்போ அங்கயே போலாம்."

அவர் செய்த முதல் காரியம், அமலதாஸ் இடித்துக்கொண்ட அதே சட்டத்தில் தானும் காலை இடித்துக்கொண்டதுதான். பிறகு குனிந்து, மோட்டார்களைத் தொட்டு, கம்பி இணைப்புகளைப் பார்த்து, தலையாட்டினார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க டாக்டர். ஆனா இது ஒரு மீட்டர் ஓடினா அதிகம். நமக்கு ரெண்டு மீட்டருக்கு மேல ஓடணும்." சுவரில் சாய்ந்திருந்த உருளைக் கம்பிகளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இது போதுமே! முழு நீளம். எங்கயும் ஒட்டு கிடையாது. பூமியில இவ்வளவு நீளக் கம்பி தன் கனத்துலயே தொய்ஞ்சிடும். இங்க எடை குறைவு. தொய்வே இருக்காது."

சகாயராணியும் மாதக்கணக்கில் இதையேதான் யோசித்திருந்தாள். இப்போது யோசிக்க நேரமில்லை என்பதால் செய்து பார்த்தாள். கம்பியின் இரண்டு முனைகளையும் இரண்டு கட்டைகள்மேல் வைத்து இறுக்கினாள். நடுவில், மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தினாள். முள் பூஜ்யத்தில் நின்றது.

"பாருங்க, தொய்வே இல்ல," என்றார் வேங்கடபதி.

அவள் ஒற்றை விரலால் கம்பியின் நடுவில் அழுத்தினாள். முள் சரசரவென்று ஓடி முக்கால் மில்லிமீட்டரில் நின்றது.

"எடைதான் சார் இங்க குறைவு. தள்ளற விசை குறைவில்லையே. வெட்டுமுனை அலுமினியத்துல இறங்கும்போது என் விரலைவிட எத்தனையோ மடங்கு பலமாத் தள்ளும். இந்தக் கம்பி வீணைத் தந்தி மாதிரி அதிரும்."

வேங்கடபதி தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "நடுவுல முட்டு கொடுத்தா?"

"இதோட வண்டி கம்பியை முழுசாச் சுத்திப் பிடிச்சிருக்கு. முட்டு வர்ற இடத்துல போய் நின்னுடும்."

"அப்போ அந்த சதுர ரெயில்தான். அதை அடி முழுக்க சட்டத்துல போல்ட் போட்டு இறுக்கலாம். அசையாது." அவர் முகம் மறுபடி வாடியது. "ஆனா அது குட்டை. ரெண்டு துண்டை ஒட்டணும். ஒட்டுற இடத்துல மயிரிழை படி இருந்தாலும் வண்டி குதிக்கும். வண்டி குதிச்சா சட்டத்துல ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்பு வழியா காத்து போகும். இப்போ இருக்கற விரிசலுக்குப் பதிலா புது விரிசல். அவ்வளவுதான்."

சகாயராணி இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து முனையோடு முனை வைத்துப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து கிடந்தபோது அவை வெறும் ரெயில்களாகத்தான் தெரிந்தன. இப்போது அவளுக்கு வேறொன்று தெரிந்தது.

"சார், நான் தினமும் பார்க்கறது இதைத்தான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ற இடம். எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் எடுக்கறது. இந்த மூட்டை என்னால சேர்க்க முடியும்."

அவள் குரலில் பெருமை இல்லை, பயமும் இல்லை. ஒருமுறை வேங்கடபதியின் கடைவாய்ப் பல்லுக்கு அவள் தொப்பி போட்டிருந்தாள். இன்றுவரை அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

"சரி," என்றார். "சேர்த்துடுவோம்."

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளெல்லாம் ஒதுக்கப்பட்டன. கப்பலின் இரண்டு உத்தரங்களைக் கொண்டுவந்து தரையில் பதித்து, மேல்முகத்தை லேசர் வைத்து அளந்து, தேய்த்துச் சமன் செய்தார்கள். அதன்மேல்தான் ரெயில் உட்கார வேண்டும். வேங்கடபதி ஒரு பலகையில் கோடு போட்டு யோசித்தார். இரு பக்கமும் மூட்டு நேருக்கு நேர் வந்தால் பாலம் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் தடுக்கிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் முதலில் நீளத் துண்டு, பிறகு குட்டைத் துண்டு. மறுபக்கம் முதலில் குட்டை, பிறகு நீளம். பாலத்துக்கு நான்கு வண்டிகள், பக்கத்துக்கு இரண்டு. எந்த நேரத்திலும் ஒரு வண்டிதான் மூட்டின்மேல் இருக்கும். மற்ற மூன்றும் பாலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"குட்டைத் துண்டுக்கு ரெயிலை அறுக்கணுமே," என்றாள் சகாயராணி. "நாம அறுக்கற முனை ஆலையில அறுத்த மாதிரி வராது."

"வேண்டாம். நாம அறுத்த முனை வெளிப்பக்கம் போகட்டும். மூட்டுல ஆலை முனையும் ஆலை முனையும் முத்தம் கொடுக்கட்டும்," என்றார் வேங்கடபதி. சொன்ன பிறகு கூடத்தில் பெண்கள் இருப்பதை நினைத்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

துண்டுகளை ஒரே கோட்டில் நிறுத்தும் வழியையும் அவர்தான் சொன்னார். மிச்சமிருந்த மூன்றாவது ரெயிலை மூட்டின் விலாவில் இரண்டு துண்டுக்கும் பொதுவாக வைத்துக் கவ்வியால் இறுக்கினார்கள். இரண்டும் அந்த மூன்றாவதின் நேருக்கு வந்து நின்றன. பிறகு மூட்டுக்குப் பக்கத்துப் போல்ட்டில் ஆரம்பித்து, வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே போனார்கள். குடியிருப்பின் சமையல்காரனான அமலதாஸ் சமையற்கட்டை விட்டுவிட்டு வந்து போல்ட் முடுக்கினான்.

சகாயராணி வண்டியை விரலால் தள்ளினாள். அது வெண்ணெயில் போவது போலப் போனது. மூட்டில் 'டக்' என்றது. பிறகு மறுபடி வெண்ணெய்.

கூடமே அந்த 'டக்'கைக் கேட்டது.

கழற்றி மறுபடி சேர்த்தார்கள். மறுபடி 'டக்'. மூன்றாவது முறையும் அதே சத்தம். அதற்குள் ஐந்து நாள் போய், சேமிப்புத் தொட்டியில் பாதி காலியாகியிருந்தது. வேங்கடபதி போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சகாயராணி தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அமலதாஸ் ஒரு குவளை பாசிக் கஞ்சியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"குடி. வயித்துல ஏதாவது போனாத்தான் யோசனை ஓடும்."

"மேல்முகம் சரியா இருக்குங்க. நகத்தால தடவினாக்கூடத் தெரியல. அப்புறம் எங்கதான் இடிக்குது?"

"நோயாளிங்ககிட்ட கேப்பே. இதுகிட்ட கேக்க முடியாது. பாவம், வாய் இல்ல."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் குவளையைக் கீழே வைத்தாள். நோயாளிகளிடம் அவள் எப்போதும் வாயால் மட்டும் கேட்பதில்லை. பல்லுக்கு நடுவே மெல்லிய நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வாள். இடிக்கிற இடத்தில் நீலம் அப்பியிருக்கும். மருத்துவமனைக்கு ஓடிப்போய் அந்தக் காகிதக் கட்டோடு திரும்பி வந்தாள். செவ்வாயில் ஓடினால் ஒவ்வோர் அடியும் தாவலாக இருக்கும். அவள் கூடத்தின் வாசலில் தலையை இடித்துக்கொள்ளாமல் வந்ததே பெரிது.

வண்டியின் குண்டுகள் ஓடுவது மேல்முகத்தில் அல்ல, விலாவில் வெட்டிய பள்ளத்தில். அவள் அந்தப் பள்ளத்தில் நீலக் காகிதத்தைப் பதித்து, அதன்மேல் ஒரே ஒரு எஃகுக் குண்டை விரலால் அழுத்தி உருட்டினாள். காகிதத்தை எடுத்தாள். பள்ளம் நெடுக மெல்லிய நீலக் கோடு விழுந்திருந்தது. மூட்டின் ஓரத்தில், பள்ளத்தின் கீழ் உதட்டில் மட்டும், கடுகைவிடச் சிறியதாக அடர்த்தியான ஒரு புள்ளி.

"இதோ," என்றாள். வேங்கடபதி எழுந்து வந்து பக்கத்தில் மண்டியிட்டார். "இழுப்பறையை மூடித் திறந்து, மூடித் திறந்து, முனை இந்த இடத்துல லேசாப் பிதுங்கியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

அவள் தன்னிடமிருந்த மிகச் சிறிய வைரப் பொடி முனையைத் துளைப்பானில் மாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தொடுகை. காகிதம், குண்டு, நீலம். இன்னொரு தொடுகை. காகிதம், குண்டு, நீலம். கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் துளைப்பானின் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் பல் கூசியது. யாரும் நகரவில்லை.

புள்ளி கோட்டோடு கலந்து மறைந்தது. மற்ற மூட்டையும் அப்படியே பார்த்தாள். வண்டியைக் கோத்துத் தள்ளினாள்.

அது போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசி முனை வரை ஓடி அங்கே வைத்திருந்த மரக்கட்டையில் மெல்ல முட்டி நின்றது.

"மூட்டு எங்க?" என்று கேட்டார் வேங்கடபதி. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாலம் ஏறியது, சுழல்முனை தொங்கியது, கப்பலின் தளத்தகடு மேடையில் படுத்தது. மறுநாள் காலை குடியிருப்பில் தேவையில்லாத விளக்குகளையெல்லாம் அணைத்து, மின்சாரத்தைக் கூடத்துக்குத் திருப்பினார்கள். சகாயராணி பொத்தானை அழுத்தினாள். முனை கீழே இறங்கி அலுமினியத்தைத் தொட்டது. வெள்ளிச் சுருள்கள் எழும்பி, அந்தக் குறைந்த எடையில் மிதப்பது போல நிதானமாக விழுந்தன.

முனை நேராக மூட்டு இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தது. வேங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் மாறவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது முனை அந்த இடத்தைத் தாண்டி ஒரு கை தூரம் போயிருந்தது.

நாள் முழுக்கச் செதுக்கியது. மாலையில் சட்டம் கழன்று வந்தது. சகாயராணி கையுறையைக் கழற்றி, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் நகத்தை வைத்துச் சுற்றிவர இழுத்தாள். மூட்டு வந்த இடத்தில் நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். பிறகு, யாரும் தடுப்பதற்குள், குனிந்து நாக்கின் நுனியால் அந்த இடத்தைத் தொட்டாள்.

"ஏ ராணி! என்ன பண்றே?" என்று கத்தினான் அமலதாஸ்.

"நாக்குக்குத் தெரியாத மேடு உலகத்துல கிடையாதுங்க." அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "ஒண்ணுமே இல்ல."

கதவுக்கு உள்பக்கம் ஒரு மணி நேரம் மட்டுமே தாங்கும் அவசரத் திரையைக் கட்டிவிட்டு, வெளியுடை அணிந்த பனிவண்டிக்காரர்கள் பழைய சட்டத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். கதவு மூடியது. பசுங்கூடத்துக்குள் வேங்கடபதி காற்றழுத்த முள்ளின் முன்னால் நின்றார். தொட்டியின் திருகை முழுவதுமாக மூடினார். இத்தனை நாளும் திருகை மூடிய உடனே முள் சரிந்துகொண்டிருந்தது. இப்போது அது அசையவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம் நின்றார். கால் வலித்தபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"நிக்குது!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார். "முள்ளு நிக்குது!"

செவ்வாயில் சகாயராணியின் எடைக்கு ஒருவரே அவளைத் தூக்கிவிடலாம். ஆனாலும் இருபது பேர் சேர்ந்து தூக்கினார்கள். கூடத்திலிருந்து பசுங்கூடம் வரை அவளைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். அன்றைக்கு இருந்த கீரையையெல்லாம் பறித்து அமலதாஸ் விருந்து வைத்தான். மறுநாளுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கீரை வளரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

சில நாள்கள் கழித்து சூரியன் வழிவிட்டது. முதலில் விழித்துக்கொண்டது பெருந்தச்சன். "உங்கள் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று காலியான பட்டறையைப் பார்த்துக் கேட்டது.

தொலைத்தொடர்பைப் பார்த்துக்கொண்ட ஹாஜிரா, நடந்ததை எல்லாம் எழுதி, செதுக்கியின் படங்களையும் சேர்த்துப் பூமியின் பொதுவெளிக்கு அனுப்பினாள். பனிவண்டி மோதியது, காற்று கசிந்தது, ரெயிலைத் தேர்ந்தது, சேர்த்தது, முந்நூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தது, எதையும் விடவில்லை. அந்தக் காலத்துப் பூமியில் எல்லா வேலையையும் இயந்திரங்களே செய்தன. திருப்புளியைக் கையில் பிடித்த மனிதர் ஒருவர்கூட அங்கே உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட ஊருக்கு இது எவ்வளவு பெரிய அதிசயமாக இருக்கும் என்று செம்பாலையே ஆவலோடு காத்திருந்தது.

ஒரு வாரத்தில் லட்சக்கணக்கில் பதில்கள் வந்து குவிந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருக்க, ஹாஜிரா படிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் படித்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, வாழ்த்தியிருக்காங்களா?" என்று கேட்டார் வேங்கடபதி.

"நாம உயிரோட இருக்கோமான்னு ஒம்பது பேர் கேட்டிருக்காங்க சார்."

"மத்தவங்க?"

"மத்தவங்க எல்லாரும் நாம தப்பான ரெயிலைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு சொல்றாங்க."

கூடம் சிரிக்கத் தொடங்கியது. அவள் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கச் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. ஒருவர் போல்ட்டின் தலை சரியில்லை என்றார். ஒருவர் உத்தரத்தின் நிறம் பிடிக்கவில்லை என்றார். உருளைக் கம்பிக் கட்சிக்காரர்களும் சதுர ரெயில் கட்சிக்காரர்களும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு செவ்வாயை மறந்தே போயிருந்தார்கள். எல்லோரையும்விட ஒருவர் மிகவும் வருத்தப்பட்டிருந்தார். அவர் நாள்தோறும் எழுதியிருந்தார். மூட்டுப் போட்ட தண்டவாளம் எந்தக் காலத்திலும் வேலைக்கு ஆகாது. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தச் சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் காற்றில்லாமல் செத்துப்போவது உறுதி. ஏன் தனக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று கடைசியில் கோபித்தும் இருந்தார்.

"இவருக்கு என்ன எழுதறது டாக்டர்?" என்றாள் ஹாஜிரா.

சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது.

"செத்துட்டோம்னு எழுதிடு ஹாஜிரா. பாவம், அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும்."

ஹாஜிரா அப்படியே எழுதி அனுப்பினாள்: 'நீங்கள் சொன்னது சரி. நாங்கள் அனைவரும் இறந்துவிட்டோம்.'

செய்தி பூமிக்குப் போக இருபது நிமிடம் ஆகும். திரும்பி வர இன்னும் இருபது. எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஹாஜிரா அதை உரக்கப் படித்தாள்.

"'நான் அன்றே சொன்னேன். இனிமேலாவது உருளைக் கம்பியைப் பயன்படுத்துங்கள்.'"